குடியும் விந்தணுவும்: ரிசல்ட் கவரை வாங்கிய பிறகு வருகிற கேள்விகள்

ஒரு மாவட்டத் தலைநகரில், குழந்தைப்பேறு சிகிச்சை தரும் மருத்துவமனையின் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். விந்துப் பரிசோதனைதான் என் பகுதி. டப்பாவில் வருவதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, எண்ணி, எழுதிக் கொடுக்க வேண்டும். ரிசல்ட் வாங்க வருகிற ஆண்களில் பலர் கவரை வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போவார்கள். அஞ்சு நிமிஷம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து, "ஒண்ணு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அந்த ஒண்ணு பெரும்பாலும் குடியைப் பற்றியதாகத்தான் இருக்கும். மனைவிமார் குரலைத் தாழ்த்துவதில்லை, நேராகவே கேட்டுவிடுவார்கள். இரண்டு தரப்புக் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் மருந்தைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் டாக்டர்தான்.

குடித்தால் குழந்தை பிறக்காதா? எங்கள் தெருவில் தினமும் தள்ளாடி வருகிறவருக்கு நாலு பிள்ளைகள் இருக்கிறதே?

இருக்கும். குடி கருத்தடை மாத்திரை இல்லை. கிணறு நிறைந்து கிடக்கும்போது நாலு குடம் இறைத்தால் யாருக்கும் தெரியாது. கோடையில் அதே நாலு குடம் இறைத்தால் அடித்தரை தெரியும். விந்தணுவும் அப்படித்தான். ஒரு தடவைக்கு இருபது கோடி விந்தணு வருகிற ஆளுக்குப் பாதி குறைந்தாலும் பத்து கோடி மிச்சம் இருக்கும். அவர் மனைவிக்கு வயதும் இருபத்திரண்டாக இருந்தால் குறைந்ததே தெரியாமல் போய்விடும். ஆரம்பத்திலேயே நாலு கோடியில் நிற்கிறவருக்குக் கதை வேறு. விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்துக்கொள்ளும் வேரிகோசீல் இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், மனைவிக்கு முப்பத்தாறு வயது ஆகியிருக்கலாம். அங்கே குடியும் சேர்ந்தால் கணக்கு கவிழ்கிறது.

நீங்கள் எந்தக் கிணறு என்பது டெஸ்ட் எடுக்காமல் தெரியாது. தெருக்காரரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

எனக்கு 'அந்த' விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. பிறகு எதற்கு டெஸ்ட்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உறவில் ஈடுபட முடிவது வேறு, விந்தில் விந்தணு இருப்பது வேறு. விறைப்பு, ஆசை, விந்து வெளியேறும் அளவு எல்லாம் கச்சிதமாக இருக்கிற ஆளுக்கு மைக்ரோஸ்கோப்பில் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். வெளியேறும் நீரில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரப்பது. விதையிலிருந்து வருவது அதில் ரொம்பச் சின்னப் பங்கு. அதனால் கண்ணால் பார்த்து "கெட்டியாத்தானே இருக்கு" என்று சொல்வதில் பொருளே இல்லை.

இரவு பதினோரு மணிக்கு டிவியில் வருகிற வைத்தியர்கள் இரண்டையும் 'ஆண்மைக் குறைவு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அதன் விளைவை நாங்கள் தினமும் பார்க்கிறோம். மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் அடைப்பு எக்ஸ்ரே, சில சமயம் லேப்ராஸ்கோப்பி வரைக்கும் முடிந்திருக்கும். மூன்று வருடம் கழித்துத்தான் கணவர் முதல் டப்பாவைக் கொண்டு வருவார். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. இருப்பதிலேயே செலவு குறைந்த, ஊசி குத்தாத டெஸ்ட் ஆணுடையதுதான். அது ஏன் கடைசியில் வருகிறது என்று மாமியார்களைத்தான் கேட்க வேண்டும்.

குடி உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது?

மூன்று இடத்தில் கை வைக்கிறது: மூளை, விதை, கல்லீரல்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ் உத்தரவு போட, பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்பும். எல்எச் வந்து தட்டினால் விதையில் இருக்கும் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும். எஃப்எஸ்எச் வந்தால் செர்டோலி செல்கள், வளர்கிற விந்தணுக்களுக்குத் தாதி வேலை பார்க்கும். மிதமிஞ்சிக் குடித்த இரவில் இந்த உத்தரவுச் சங்கிலி மந்தமாகிறது. டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. எப்போதாவது குடிக்கிறவருக்கு அது தானாகச் சரியாகிவிடும். தினமும் குடிக்கிறவருக்குச் சரியாக அவகாசமே கிடைப்பதில்லை.

அடுத்து விதை. ஆல்கஹால் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உருவாகிறது. அது லேடிக் செல்களை நேரடியாக அடிக்கும். இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வைட்டமின் ஏ கதை. விந்தணு உருவாக விதைக்கு வைட்டமின் ஏ கட்டாயம் வேண்டும், அதுவும் வேறொரு வடிவத்துக்கு மாற்றப்பட்ட வைட்டமின் ஏ. அந்த மாற்றத்தைச் செய்கிற நொதிக் குடும்பம்தான் ஆல்கஹாலையும் உடைக்கிறது. ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுண்ட்டர் திறந்திருக்கும்போது ஒரு லாரி ஆட்கள் வந்து வரிசையில் புகுந்தால் என்ன ஆகும்? ஆல்கஹால் வரிசையை அடைத்துக்கொள்ள, வைட்டமின் ஏ வெளியே நிற்கும். அந்தப் பக்கம் விந்தணு உற்பத்தி பாதியில் நின்றுவிடும்.

கல்லீரல் விஷயம் மெதுவாக வருகிறது, ஆனால் கனமாக வருகிறது. ஆணின் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். அதை அப்புறப்படுத்துவது கல்லீரலின் வேலை. அது கெட்டுப்போனால் ஈஸ்ட்ரோஜன் தங்கிவிடும். தொப்பையில் இருக்கிற கொழுப்பு வேறு, டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மிச்சமிருக்கும் டெஸ்டோஸ்டிரோனை ரத்தத்தில் ஒரு புரதம் கட்டிப் பிடித்துக்கொள்ளும், கல்லீரல் சுருங்கும்போது அந்தப் புரதமும் கூடும். ஆகக்கூடி, ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 'நார்மல்' என்று இருந்தாலும் உடம்புக்குப் பயன்படுவது குறைவாக இருக்கலாம்.

எவ்வளவு குடித்தால் பாதிப்பு? வாரத்துக்கு ஒரு குவாட்டர் பரவாயில்லையா?

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். குவாட்டர் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். 650 மில்லி பீர் 5 சதவீதமாக இருந்தால் சுமார் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் சுமார் 41 கிராம். "நான் பீர் மட்டும்தாங்க" என்று சொல்கிறவர் ஸ்ட்ராங்கில் இரண்டு பாட்டில் முடித்தால் ஒரு குவாட்டரைத் தாண்டிவிட்டார்.

இப்போது டென்மார்க் போவோம். அங்கே ராணுவச் சேர்க்கைக்கான உடல் பரிசோதனைக்கு வந்த 18 முதல் 28 வயது வரையான 1,221 இளைஞர்களின் குடிப்பழக்கத்தையும் விந்துவையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. அவர்கள் கணக்கில் ஒரு யூனிட் என்பது 12 கிராம் ஆல்கஹால். வழக்கமாக வாரம் 5 யூனிட்டுக்கு மேல் குடித்தவர்களிடமே விந்துவின் தரம் இறங்குவது தெரிந்தது. 25 யூனிட்டுக்கு மேல் போனவர்களிடம் அது பளிச்சென்று தெரிந்தது. 40 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு, 1 முதல் 5 யூனிட் குடித்தவர்களைவிட விந்தணு அடர்த்தி 33 சதவீதம் குறைவு.

நம்ம ஊர்க் கணக்குக்கு மாற்றுகிறேன். 5 யூனிட் என்றால் 60 கிராம், அதாவது ஒரு குவாட்டர். 25 யூனிட் ஐந்து குவாட்டர். 40 யூனிட் எட்டு குவாட்டர். தினம் ஒரு குவாட்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு என்று போகிற ஆள் எட்டைத் தொட்டுவிட்டார். அவர் வாயால் "அளவாத்தான் குடிப்பேன்" என்றுதான் சொல்வார்.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 15 ஆய்வுகளில் இருந்த 16,395 ஆண்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017இல் வந்தது. குடி விந்துவின் அளவையும் விந்தணுவின் வடிவத்தையும் பாதிக்கிறது என்றது. ஆனால் அந்தப் பாதிப்பு தினமும் குடிக்கிறவர்களிடம் தெரிந்ததே தவிர, எப்போதாவது குடிக்கிறவர்களிடம் தெரியவில்லை. ஆகவே கல்யாண வீட்டில் ஒரு தடவை குடித்ததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்யும் காலத்தில் மட்டும் என் யோசனை எளிமையானது: பூஜ்யம். 'அளவாக' என்று எந்த இடத்தில் கோடு போட்டாலும் அது வாரா வாரம் நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான் காரணம்.

பீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும், விந்தணுவுக்கு நல்லது என்கிறார்களே?

பாட்டில் ஜில்லென்று இருப்பதால் வந்த நம்பிக்கை. விதை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் அது வெளியே தொங்குகிறது. இது உண்மை. பீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சூட்டைக் குறைக்க வேண்டுமானால் இறுக்கமான ஜட்டியை விடுங்கள், லேப்டாப்பை மடியிலிருந்து மேஜைக்கு மாற்றுங்கள். லாரி ஓட்டுபவர், அடுப்படியில் நிற்கும் பரோட்டா மாஸ்டர், பேக்கரி வேலைக்காரர் போன்றவர்கள் தொழிலை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கள் இயற்கையானதுதானே?

இயற்கையானதுதான். புளித்த பிறகு அதில் இருப்பதும் அதே ஆல்கஹால்தான். பதநீர் என்றால் தாராளமாகக் குடியுங்கள், உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாவிட்டால்.

கொஞ்சம் உள்ளே போனால்தான் எனக்கு மூடே வருகிறது. அதையும் விட்டால்?

கூச்சம் போகிறது, அதனால் ஆசை வந்த மாதிரி இருக்கிறது. ஒன்றிரண்டு பெக்குக்கு மேல் போனால் நரம்பு மண்டலமே மந்தமாகிவிடும். விறைப்பு என்பது மூளையின் சமிக்ஞை நரம்பு வழியே வந்து, ரத்தக் குழாய் விரிந்து, ரத்தம் நிறைவது. மூன்று கட்டத்திலும் ஆல்கஹால் குறுக்கே நிற்கும். சிலருக்கு விந்து வெளியேறவே ரொம்ப நேரமாகும், அல்லது வெளியேறாது. அதை 'ஸ்டாமினா' என்று நினைத்துப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு.

வருடக்கணக்கில் குடித்தால் கைகால் நரம்புகள் மரத்துப்போவதுபோல இந்த நரம்புகளும் பாதிக்கப்படும். குடிக்கிறவர்களுக்கு வைட்டமின் பி1 குறைவதும் நரம்பைக் கெடுக்கும். ஆரம்பத்தில் கூச்சம் போகக் குடித்தவர், பிறகு குடியால் வந்த தோல்வியை மறக்கக் குடிப்பார். இந்த இடத்தில் மாத்திரையைத் தேடி மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். வயாகரா வகை மாத்திரையைக் குடியோடு சேர்த்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் ஆறாம் பதிப்பில் கீழ் எல்லைகள் இப்படி இருக்கின்றன. விந்தின் அளவு 1.4 மில்லி. ஒரு மில்லியில் விந்தணு 1.6 கோடி. மொத்தமாக 3.9 கோடி. மொத்த விந்தணுக்களில் நகர்பவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம்.

கடைசி எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுவார்கள். "தொண்ணூத்தாறு சதவீதம் கோணலா சார்?" ஆமாம், பெரும்பாலான ஆண்களுக்கு விந்தணுக்களில் பெரும்பகுதி கோணல்தான். தலை பெருத்தது, இரட்டை வால், கழுத்து மடங்கியது என்று ஒரு திருவிழாக் கூட்டமே இருக்கும். நாலு சதவீதம் ஒழுங்காக இருந்தாலே போதும்.

இந்த எண்கள் பாஸ், ஃபெயில் கோடு இல்லை. ஒரு வருடத்துக்குள் குழந்தைக்குத் தகப்பனான ஆண்களில் கடைசி 5 சதவீதம் எங்கே நிற்கிறார்களோ அந்த இடம். அதற்குக் கீழே இருந்தும் இயற்கையாகக் குழந்தை பிறந்தவர்கள் உண்டு. ஒரே ஒரு டெஸ்டை வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. போன மாதம் டைஃபாய்டு வந்திருந்தால் அதுவே கவுண்ட்டைக் குப்புறத் தள்ளியிருக்கும். குறைவாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

நிறுத்தினால் பழையபடி ஆகுமா? எத்தனை நாளாகும்?

மூன்று மாதம் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதைக்குள் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. பிறகு எபிடிடிமிஸ் என்ற சுருண்ட குழாயில் முதிர்ந்து நீந்தக் கற்றுக்கொள்ள இன்னும் ஒன்றிரண்டு வாரம். இன்றைக்கு நான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது மூன்று மாதத்துக்கு முன்னால் நீங்கள் விதைத்ததை. ஆடியில் விதைத்ததைப் பார்க்க ஐப்பசி வரை பொறுக்க வேண்டும்.

பிரான்சில் ஒருவரை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்த மருத்துவர்கள் அவருடைய கதையை 2010இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதிகமாகக் குடிப்பவர். ஒவ்வொரு டெஸ்டிலும் விந்தணு குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒன்றுகூட இல்லை. விதையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது உற்பத்தி நடுவழியில் நின்றிருந்தது. அவர் குடியை நிறுத்தினார். மூன்றே மாதத்தில் விந்து முழுக்க நார்மல். இது ஒரு ஆளின் கதைதான். ஆனால் பூஜ்யத்திலிருந்தும் திரும்பி வர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எங்கள் ஆய்வகத்திலும் ஒருவர் உண்டு. சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்பவர், தினமும் சாயங்காலம் சரக்கு. முதல் டெஸ்டில் எண்ணும் கண்ணாடியின் கட்டங்களில் விந்தணுவைத் தேடவேண்டி இருந்தது. ஒரு கட்டத்தில் ஒன்று, அடுத்த நாலில் ஒன்றுமில்லை, இருந்ததும் இருந்த இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நாலு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். ஆளே கொஞ்சம் இளைத்திருந்தார். லென்ஸைச் சரிசெய்து பார்த்தபோது நீந்துகிறவற்றை எண்ணுவதற்கே சிரமமாக இருந்தது, ஒன்றையொன்று முந்திக்கொண்டு கட்டத்தைத் தாண்டின. பெயர் மாறிவிட்டதோ என்று டப்பாவை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது. கல்லீரல் சுருங்கி, விதையும் சுருங்கிப்போனவர்களுக்குத் திரும்புவது கடினம். பிறவிக் காரணம், மரபணுக் காரணம் இருப்பவர்களுக்குக் குடியை விடுவதால் மட்டும் கவுண்ட் ஏறாது.

டெஸ்டுக்கு மூணு நாள் முன்னால் மட்டும் நிறுத்தினால் போதாதா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற கதை.

நாங்கள் இக்ஸி செய்யப் போகிறோம். ஒரே ஒரு விந்தணு போதுமாமே, அப்புறம் எதற்கு நிறுத்த வேண்டும்?

இக்ஸியில் ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துகிறார்கள், சரி. எண்ணிக்கைப் பிரச்சினை அதில் தீர்கிறது. ஆனால் அந்த ஒரு விந்தணுவின் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ முழுசாக இருக்க வேண்டுமே. குடியால் உடம்பில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் அந்த இழையை அங்கங்கே நறுக்கிவிடும். வெளியே பார்க்க அழகாக, விறுவிறுப்பாக நீந்தும் விந்தணுவுக்குள்ளும் டிஎன்ஏ உடைந்திருக்கலாம், சாதாரண டெஸ்டில் அது தெரியாது. மனைவி தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் செய்யக்கூடிய ஒரே வேலை பாட்டிலைத் தொடாமல் இருப்பது. செலவாகும் தொகையையும் சேர்த்து யோசியுங்கள்.

கர்ப்பத்தில் அம்மா குடித்தால்தானே பிள்ளைக்குப் பாதிப்பு? அப்பா குடித்தால் என்ன?

கர்ப்பிணி குடித்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும் என்பது நிரூபணமான விஷயம். அப்பா பக்கம் ஆராய்ச்சி இப்போதுதான் சூடு பிடிக்கிறது. சீனாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வந்தது. கருத்தரிப்பதற்கு முந்தைய காலத்தில் அப்பா குடித்திருந்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் கூடுதல் என்றது, குறிப்பாக உதட்டுப் பிளவு போன்றவை. பயப்படாமல் படியுங்கள்: பிறவிக் குறைபாடே அபூர்வம், அந்த அபூர்வத்தில்தான் 35 சதவீதக் கூடுதல். அமெரிக்காவில் டெக்சாஸில் எலிகளை வைத்து நடக்கும் ஆராய்ச்சியிலும், தந்தை எலிக்குக் கொடுத்த ஆல்கஹால் குட்டியின் முக அமைப்பு வரை எட்டிப் பார்க்கிறது. எலியில் நடப்பதெல்லாம் மனிதரில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் "அம்மாதான் பொறுப்பு" என்று ஒதுங்குகிற வசதி அப்பாக்களுக்கு மெல்லக் குறைந்துவருகிறது.

எனக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஜிம்மில் ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

குழந்தை வேண்டுமென்றால் கூடவே கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமானது இருக்கிறது என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் விழும், விதை வேலையை நிறுத்தும், கவுண்ட் பூஜ்யத்துக்கே போகலாம். குடியால் வந்த குறையைச் சரிசெய்யப் போய் முழுசாகக் கடையை மூடிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசையும் தசையும் கூடியிருக்கும், டப்பாவில் ஒன்றும் இருக்காது.

மார்பு பெண்களுக்குப் போலப் பெருக்கிறது, அக்குள் முடி உதிர்கிறது. இதுவும் குடியாலா?

நீண்ட காலம் குடிப்பவருக்கு இது நடந்தால் கல்லீரல் எச்சரிக்கிறது என்று பொருள். உள்ளங்கை சிவந்திருப்பது, மார்பில் சிலந்தி வலைபோலச் சிவப்பு ரத்தக் குழாய் தெரிவது, விதை சிறுத்துத் தொளதொளப்பது எல்லாம் ஒரே கூட்டம். குழந்தைப்பேறு டாக்டருக்கு முன்னால் கல்லீரல் டாக்டரைப் பாருங்கள்.

குடியை விட்டுவிட்டேன், சிகரெட் மட்டும்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். புகையும் மெல்லும் புகையிலையும் விந்தணுவின் எண்ணிக்கை, வேகம் இரண்டையும் குறைப்பவை. ஒன்றை விட்டவர் இன்னொன்றைக் கூட்டாமல் இருந்தாலே முதல் வெற்றி.

நாளைக்கே அடியோடு நிறுத்திவிடட்டுமா?

வாரம் ஒரு தடவை குடிப்பவர் என்றால் நிறுத்துங்கள், ஒன்றும் ஆகாது. தினமும், பல வருடமாக, காலையில் கை நடுக்கம் தீர ஒரு கட்டிங் போடுகிற அளவுக்குப் போனவர் என்றால் வீட்டில் தனியாக நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே வியர்வை, படபடப்பு, நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் யாரென்று தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசுகிற நிலைக்குப் போகலாம், அது உயிரைக் குடிக்கும். மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் எடுத்துக்கொண்டு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மருந்து இருக்கிறதாமே?

இதைக் கேட்பது எப்போதும் மனைவியோ அம்மாவோதான், கேட்கும்போது கண் கலங்கியிருக்கும். அதனால் கோபப்பட முடிவதில்லை. சுவரொட்டிகளில் வரும் அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். சிலருக்கு அது மரணத்தில் முடியும். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே டாக்டர்கள் தருவார்கள். சாம்பாரில் கலந்து கொடுத்துவிட்டு, அவர் வழக்கம்போல் கடைக்குப் போய்வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சரி, டெஸ்ட் எடுக்கிறேன். சேம்பிளை எப்படிக் கொடுப்பது?

கடைசி விந்து வெளியேற்றத்துக்குப் பிறகு குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் இடைவெளி விடுங்கள். பத்து நாள் சேர்த்து வைத்தால் கூடுதலாக வரும் என்று வராதீர்கள், பழசாகி நகராமல் கிடக்கும். ஆய்வகம் தரும் அகலவாய் டப்பாவை மட்டும் பயன்படுத்துங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்து வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதில் விந்தணுவைக் கொல்லும் பொருள் இருக்கலாம். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் வேண்டாம்.

முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டால் நான் குறைவு என்று எழுதிவிடுவேன்.

மருத்துவமனையிலேயே தனி அறை இருக்கும், அங்கே எடுப்பது நல்லது. வெளியே ஆள் நடமாட்டம் கேட்டு முடியவில்லை என்றால் வீட்டில் எடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேருங்கள். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள். ஐஸ் டப்பாவில் வேண்டாம், வெயிலில் வண்டியின் டேங்க் கவரிலும் வேண்டாம். முந்தின வாரம் காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை குவாட்டர் என்று படிவத்தில் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். அந்தக் காகிதம் உங்கள் மாமனார் வீட்டுக்குப் போகாது. எடுத்த நேரத்தையும் பெயரையும் டப்பாவின் மேல் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். மூடியைத் திறந்து வைத்தால் எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.